ஏற்காட்டு ஏற்றத்தில் ஓடினால் நூறு மீட்டரின் உச்ச வேகம் கூடுமா?

கோரிமேட்டுத் தந்தை:

வணக்கம். என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். நூறு மீட்டரும் இருநூறு மீட்டரும் ஓடுகிறாள். சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டியில் நூறு மீட்டரை 13.2 வினாடியில் முடித்தாள். இந்த ஆண்டும் அதே 13.2 தான். இடைப்பட்ட ஓராண்டில் அவள் சோம்பியிருந்த நாள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். எங்கள் வீடு ஏற்காடு அடிவாரத்துக்கு அருகில் இருப்பதால், ஞாயிறுதோறும் வண்டி நடமாட்டம் தொடங்கும் முன்பே மலைப்பாதையில் சில கிலோமீட்டர் ஏறி ஓடுகிறாள். மற்ற நாள்களில் மைதானத்தில் இருநூறு மீட்டரை ஆறு முறை ஓடுகிறாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு நிமிடம்தான் ஓய்வு.

போட்டியில் நான் கண்டது இது. நாற்பது மீட்டர் வரை அவள் மற்றவர்களோடு சமமாக வருகிறாள். அதற்குப் பிறகு பக்கத்து லேன் பிள்ளைகள் அவளை விட்டு விலகிப் போகிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும், ஸ்டாமினா போதவில்லை, இன்னும் நிறைய மலை ஏறச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஆனால் கோட்டைக் கடந்து வந்து நின்றவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. மூச்சு வாங்காதவளுக்கு ஸ்டாமினா எப்படிப் போதாமல் போகும் என்பது எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அஸ்தம்பட்டி பயிற்சியாளர்:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியிலேயே விடை இருக்கிறது. நாற்பது மீட்டருக்குப் பிறகு உங்கள் மகள் களைத்துப் பின்தங்கவில்லை. அவளிடம் உள்ள வேகம் முழுவதும் அந்த இடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. அதற்கு மேல் கூட்டுவதற்கு அவளிடம் எதுவும் மீதமில்லை. பக்கத்து லேன் பெண்களோ இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஓரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் களைப்புக்கு ஒரு மருந்து, வேகக் குறைவுக்கு வேறு மருந்து. ஓராண்டாக அவளுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுக்கச் சொன்னவர்களும் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள்.

2009 ஆகஸ்டில் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 வினாடியில் ஓடியபோது, 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரையுள்ள இருபது மீட்டரை 1.61 வினாடியில் கடந்தார். வினாடிக்கு ஏறத்தாழ 12.4 மீட்டர் வேகம் அது. கடைசி இருபது மீட்டருக்கு அவருக்கு 1.66 வினாடி ஆயிற்று. அந்த ஓட்டத்தில் அவரும் வேகம் குறைந்துதான் கோட்டைக் கடந்தார். அறுபது மீட்டர் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக முடிந்ததும், அங்கே எட்டிய உச்சம் மற்றவர்களுடையதைவிட உயரமாக இருந்ததும்தான் அவரை முன்னால் நிறுத்தின. பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் முப்பது, நாற்பது மீட்டரிலேயே தங்கள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறார்கள்.

அந்த உச்சம் எதனால் அமைகிறது? கால்களை வேகமாக வீசுவதால் என்றுதான் நெடுங்காலம் நாங்களும் நினைத்தோம். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வேயண்டும் அவருடைய குழுவினரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. காற்றில் காலை முன்னே கொண்டுவர, வேகமாக ஓடுபவரும் மெதுவாக ஓடுபவரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது, தரையில் பாதம் பட்டிருக்கும் மிகச் சிறிய நேரத்துக்குள் உடல் எடைக்கு எதிராகத் தரையை எவ்வளவு விசையோடு தாக்க முடிகிறது என்பதே. முதல்தர ஓட்டக்காரருக்கு அந்த நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆணியில் விழும் சுத்தியலை நினைத்துப் பாருங்கள்: பட்டதும் எழும்பிவிடுகிறது, ஆனால் ஆணி இறங்கியிருக்கும். மாவு பிசைவதுபோல அழுத்திக்கொண்டிருந்தால் ஆணி இறங்காது.

இப்போது மலைப்பாதைக்கு வருவோம். ஏற்றத்தில் ஓடும்போது உடல் முன்னால் சாய்கிறது, பாதம் தரையில் கூடுதல் நேரம் தங்குகிறது, வேகம் குறைகிறது. நூறு மீட்டரின் முதல் இருபது மீட்டரில் உடல் இருக்கும் நிலைக்கு நெருக்கமானது இது. ஆகவே அவள் நாற்பது மீட்டர் வரை சமமாக வருவதில் அந்த ஏற்றத்துக்கும் ஓரளவு பங்கு இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிமிர்ந்த உடலோடு, இடுப்பு உயர்ந்து, பாதம் தட்டி எழும்பும் ஓட்டத்தை அங்கே பழக முடியாது. இருநூறு மீட்டரை ஆறு முறை ஓடும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அவள் 34 வினாடியில் ஓடுகிறாள் என்றால், அது வினாடிக்கு 5.9 மீட்டர். அவளுடைய உச்சம் எட்டுக்கு மேல் இருக்கும். எழுபது விழுக்காடு வேகத்தை வாரம் ஐந்து நாள் பழகிய உடல், போட்டி நாளில் நூறு விழுக்காட்டை எங்கிருந்து கொண்டுவரும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், அவற்றுக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளியோடு, ஃப்ளையிங் ஓட்டம் ஓடட்டும். அரை மணி நேரம் நன்றாக வார்ம் அப் செய்த பிறகு, 25 மீட்டர் தூரத்தில் படிப்படியாக வேகத்தைக் கூட்டி, அடுத்த 10 மீட்டரை உச்ச வேகத்தில் கடக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து முறை போதும். மூன்று வாரம் கழித்து அந்தப் பத்தை இருபது மீட்டராக்கலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஐந்து, ஆறு நிமிடம் முழு ஓய்வு. சில வினாடிகள் முழு வேகத்தில் ஓடினாலே தசையில் உடனடி ஆற்றலுக்காக இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் பெருமளவு கரைந்துவிடும். அது மீண்டும் நிரம்புவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி ஓடவிட்டால் நீங்கள் பயிற்றுவிப்பது வேகத்தை அல்ல, களைப்பைத் தாங்குவதை. நேரம் மூன்று விழுக்காடு கூடிய உடனே, ஓட்டம் மிச்சம் இருந்தாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுங்கள். ஒரு நாளில் உச்ச வேகத்தில் ஓடும் மொத்தத் தூரம் நூறு மீட்டரைத் தாண்ட வேண்டியதில்லை. இதைச் சொன்னால் பெற்றோர்கள் பிள்ளை சும்மா இருக்கிறாள் என்று கவலைப்படுகிறார்கள். வேகத்துக்கு அந்தச் சும்மா இருக்கும் நேரம் மிக முக்கியம்.

மலைப்பாதை ஓட்டக்காரர்:

பயிற்சியாளரின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் மலையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரி நாள்களில் நானூறு மீட்டர் ஓடியவன் நான். எங்கள் அணியில் அனைவரும் ஏற்காட்டு ஏற்றத்தில் ஓடித்தான் கால் உரம் பெற்றோம். பிசியோ, ஜிம் என்று எதுவும் எங்களுக்கு வாய்க்காத காலம் அது. அந்த ஏற்றத்தில் ஓடி எங்களில் ஒருவருக்குக்கூடத் தொடையின் பின்தசை கிழிந்ததில்லை. சமதளத்தில் முழு வேகத்தில் ஓடச் சொன்ன நாள்களில்தான் பிள்ளைகள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விசைதான் அடிப்படை என்று நீங்களே சொல்கிறீர்கள். விசை தருவது ஏற்றம் அல்லாமல் வேறென்ன?

இன்னொன்றையும் கேட்கிறேன். 1968 இல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தில்தான் ஜிம் ஹைன்ஸ் நூறு மீட்டரை 9.95 வினாடியில் ஓடினார், பாப் பீமன் நீளம் தாண்டுதலில் 8.90 மீட்டர் தாண்டினார். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால், அங்கே வேக ஓட்டம் பழகுவது கீழே பழகுவதைவிடப் பயன் தராதா?

அஸ்தம்பட்டி பயிற்சியாளர்:

சகோதரரே, மலையைத் தள்ளிவைக்கவில்லை. கிலோமீட்டர் கணக்கில் ஏறுவதைத்தான் தள்ளிவைக்கிறேன். 20 முதல் 30 மீட்டர் வரை, மிதமான சரிவில், முழு விசையோடு ஏறி ஓடி, நடந்து இறங்கி, மூன்று நிமிடம் நின்று மறுபடி ஓடுவது சிறந்த பயிற்சி. தொடக்க வேகத்துக்கு அதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பயிற்சிப் பருவத்தின் முதல் ஆறு வாரம் என் பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள். ஆனால் அதற்குக் கொண்டை ஊசி வளைவுகள் தேவையில்லை. ஊருக்குள் ஏதாவது ஒரு கரட்டின் அடிவாரச் சரிவு போதும். பேருந்தும் லாரியும் திரும்பும் பாதையில் பிள்ளைகளை ஓடவிடுவதில் எனக்கு உள்ளூர அச்சம் உண்டு.

ஏற்றத்தில் தசை கிழியவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மையே. வேகம் குறைவாக இருப்பதாலும் எட்டு, அதாவது காலடி நீளம், குறுகிவிடுவதாலும் பின்தசை அங்கே வேகத்தோடு முழு நீளத்துக்கு இழுபடுவதே இல்லை. அதனால்தான் ஏற்றத்தில் மட்டுமே பழகிய பிள்ளை சமதளத்தில் திடீரென்று முழு வேகம் எடுக்கும்போது தொடையைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் கண்ட அந்த இரண்டு காட்சிகளும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

உயரத்தைப் பற்றி: சேலம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கிருந்து ஏற்காட்டுக்குப் போனால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. நூறு மீட்டரில் அதனால் கிடைப்பது வினாடியின் நூறில் சில பங்குகள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே நடக்கும் போட்டிகளின் நேரத்தைத் தனிக் குறியிட்டுப் பதிவு செய்வது இதனால்தான். ஆனால் இது ஓடும் அந்த நேரத்துக்குக் கிடைக்கும் சலுகை; கீழே இறங்கியதும் போய்விடும். அந்தச் சலுகையைப் பெறுவதற்கும் அறுபது, எழுபது மீட்டர் சமமான, உலர்ந்த தரை வேண்டும். மார்கழிப் பனியில் நனைந்த புல்லில், குளிர்ந்து இறுகிய தசையோடு முழு வேகம் எடுப்பதைவிட, சேலத்து வெதுவெதுப்பில் மாலை ஐந்து மணிக்கு ஓடுவது பல மடங்கு மேல். வேக ஓட்டத்துக்குச் சேலத்து வெப்பம் பகை இல்லை; நெடுந்தூரம் ஓடுபவருக்குத்தான் அது பகை.

பிசியோதெரபிஸ்ட், ஃபேர்லேண்ட்ஸ்:

பின்தசை பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். முழு வேக ஓட்டத்தில் இந்தத் தசை பெரும்பாலும் காயப்படுவது, காற்றில் முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்திய கணத்தில். அப்போது அந்தத் தசை நீண்டுகொண்டே, வீசிய காலை நிறுத்தும் வேலையையும் செய்கிறது. எட்டை நீட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் பாதத்தை உடலுக்கு வெகுமுன்னால் கொண்டுபோய் வைக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சுமை இன்னும் கூடுகிறது, வேகமும் தடைபடுகிறது. எட்டு நீளம் என்பது தரையைத் தாக்கிய விசையால் தானாகக் கிடைக்க வேண்டியது. காலை எட்டிப் போட்டு வாங்குவது அல்ல.

என் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மைதானம், எவர் என்பது இங்கே தேவையில்லை. மிகை வேகப் பயிற்சி என்ற பெயரில், பைக்கின் பின்னால் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை ஒரு பையனின் இடுப்பில் கட்டி இழுத்தார்கள். மூன்றாவது ஓட்டத்தில் அவன் கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் முன்னே நீண்டது. துணி கிழிவது போன்ற ஓசை தனக்கே கேட்டது என்று அவன் பிறகு என்னிடம் சொன்னான். பதினாறு வயது. படத்தில் பார்த்தபோது உட்காரும் எலும்பில் தசை ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அந்த வயதில் அங்கே எலும்பு இன்னும் முழுமையாக ஒட்டி முதிர்ந்திருக்காது. அதனால் தசைக்குப் பதில் எலும்பே விட்டுக்கொடுத்துவிடுகிறது. வளரும் பிள்ளைக்குப் புட்டத்தின் அடியில் திடீரென்று கூர்மையான வலி வந்தால், எண்ணெய் தேய்த்து நீவிவிடாமல் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, முழங்காலிட்டு நின்று, ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சி. கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வுகளில் பின்தசைக் காயங்களை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருக்கிறது. வாரம் இரு முறை, வேக ஓட்டம் முடிந்த பிறகு, ஐந்தாறு தடவை சாய்ந்தால் போதும். ஓட்டத்துக்கு முந்திய நாள் வேண்டாம். இரண்டாவது, முழு வேகத்தில் ஓடுவதே. அளவோடும் ஒழுங்காகவும் உச்ச வேகத்தைத் தொட்டு வரும் தசைக்கு அந்த வேகம் புதியதாக இருப்பதில்லை. பயந்து பல மாதம் அதைத் தவிர்த்துவிட்டுப் போட்டி அன்று மட்டும் எடுப்பதுதான் பேராபத்து.

உடற்கல்வி ஆசிரியை, ஆத்தூர் வட்டம்:

எங்கள் அரசுப் பள்ளியில் மண் மைதானம்தான்; நேராக எண்பது மீட்டர் கிடைக்கும். தடகளத்துக்கு வருபவர்கள் முப்பது பேருக்கு மேல். ஆளுக்கு ஐந்து நிமிட ஓய்வு என்று முதலில் படித்தபோது, இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்றே நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே லேனில் பத்து வினாடிக்கு ஒருவராக முப்பத்தாறு பேரை ஓடவிட்டால், முதலில் ஓடியவளுக்கு மறுபடி முறை வர ஆறு நிமிடம் ஆகிறது. வரிசையில் நிற்பதே ஓய்வு. கூட்டம் இத்தனை நாள் எனக்குத் தடையாகத் தெரிந்தது; வேகப் பயிற்சிக்கு அதுவே வசதியாக அமைந்துவிட்டது. பிள்ளைகள் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டி வந்தது உண்மை. சொன்னேன்.

சிறு தடைகளை வரிசையாகத் தாண்டி ஓடும் விக்கெட் ஓட்டத்துக்குப் பிளம்பர் பயன்படுத்தும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளை வாங்கி, ஒரு சாண் உயரத்தில் பத்துச் சிறு தடைகள் செய்துகொண்டோம். மேலே இருக்கும் குழாயை ஒட்டாமல் வெறுமனே வைத்திருப்பதால், கால் பட்டால் விழுந்துவிடும், பிள்ளை விழமாட்டாள். செங்கல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வைக்காதீர்கள். பெண்களுக்கு முதல் இடைவெளியை 1.3 மீட்டரில் தொடங்கிப் படிப்படியாக 1.7 வரை கூட்டுகிறேன். தடையைத் தாண்டும்போது முழங்கால் தானாக உயர்கிறது. அடுத்த தடை அருகிலேயே இருப்பதால் பாதத்தை எட்டி வைக்க இடமில்லை, நேராகக் கீழே வைத்தாக வேண்டும். பத்து நிமிடம் வாயால் சொல்லியும் புரியாததை அந்தக் குழாய்கள் ஒரே ஓட்டத்தில் புரியவைத்துவிடுகின்றன.

பயிற்சியாளர் சொன்ன சுத்தியல் உவமையை வகுப்பில் சொன்னேன். ஒருத்தி உடனே, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு வற்றல் எடுக்கப் போவது மாதிரியா டீச்சர் என்று கேட்டாள். அதிலிருந்து எங்கள் மைதானத்தில் அதுதான் குறிப்புச் சொல். சூட்டுக்குக் காலை எடுப்பது நேரத்தைக் குறைக்கும், ஆனால் தாக்கும் விசையைத் தராது என்பதால், சுத்தியலையும் சேர்த்தே சொல்கிறேன்.

பொறியியல் மாணவர், ஓமலூர்:

அளப்பதைப் பற்றி ஒரு விஷயம் சேர்க்கிறேன். நேரம் மூன்று விழுக்காடு கூடினால் நிறுத்துங்கள் என்கிறார் பயிற்சியாளர். 2.45 வினாடி ஓட்டத்தில் அது 0.07 வினாடி. ஸ்டாப் வாட்சை அழுத்தும் விரலின் பிழையே அதைவிடப் பெரியது. கையால் எடுத்த நூறு மீட்டர் நேரத்தோடு 0.24 வினாடி கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது. ஆகவே ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு ஃப்ளையிங் ஓட்டத்தை மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

கைப்பேசியின் ஸ்லோ மோஷன் போதும். வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கருவியில் ஒரு ஃபிரேம் 0.004 வினாடி. இருபது மீட்டரின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே, லேனிலிருந்து 20 மீட்டர் தள்ளி, கைப்பேசியை ஒரு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இடுப்பு முதல் கம்பத்தைக் கடக்கும் ஃபிரேமிலிருந்து இரண்டாவது கம்பத்தைக் கடக்கும் ஃபிரேம் வரை எண்ணி 240 ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும்.

இங்கே நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். கம்பங்களை லேனுக்கு ஒரு மீட்டர் முன்னால், கைப்பேசியின் பக்கமாக, சரியாக 20 மீட்டர் இடைவெளியில் நட்டேன். கைப்பேசியிலிருந்து அந்தக் கம்பம் 19 மீட்டர், லேன் 20 மீட்டர். பார்வைக் கோடு கம்பத்தைத் தாண்டி விரிந்துகொண்டே போவதால், ஓடுபவர் உண்மையில் 21 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தார். ஐந்து விழுக்காடு பிழை. ஒரு மாதம் முழுவதும் என் தம்பிக்கு வேகம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பங்களை நடுப்புள்ளியிலிருந்து பத்துக்குப் பத்தாக நடாமல் 9.5 மீட்டரில் நட்டால் கணக்குச் சரியாகிவிடும். தரைத்தொடர்பு நேரத்தையும் இதே படத்தில் எண்ணலாம்: பாதம் பட்ட ஃபிரேம் முதல் விட்ட ஃபிரேம் வரை. 24 ஃபிரேம் என்றால் பத்தில் ஒரு வினாடி.

கோரிமேட்டுத் தந்தை:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னதை வரி பிசகாமல் செய்தோம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாரத்தில் மழையாலும், ஐந்தாவது வாரத்தில் தேர்வாலும் தடைப்பட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஃப்ளையிங் ஓட்டம், ஞாயிறு மலையோட்டத்துக்குப் பதிலாக வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் 25 மீட்டர் ஆறு முறை. அவளுக்கு முதலில் குற்ற உணர்வாக இருந்தது. இவ்வளவு குறைவாக ஓடினால் மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்று மூன்றாவது நாளே அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது, வெளியே காட்டவில்லை.

ஓமலூர்த் தம்பி சொன்னபடியே கம்பத்தை 9.5 மீட்டரில் நட்டு எண்ணினேன். முதன்முதலில் இருபது மீட்டர் எடுத்த அன்று 593 ஃபிரேம், அதாவது 2.47 வினாடி. சென்ற வெள்ளிக்கிழமை 574 ஃபிரேம், 2.39 வினாடி. பாதம் தரையில் இருந்தது முதலில் 29 ஃபிரேம், இப்போது 27. வேறொரு பள்ளியில் நடந்த நட்புப் போட்டியில் நூறு மீட்டரை 12.9 இல் ஓடினாள். கைக்கடிகாரம்தான் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஐம்பத்தைந்தாவது மீட்டர் வரை அவள் யாருக்கும் பின்னால் இல்லை. அதை என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நான்காவது ஓட்டத்தில் அவள் முகம் இறுகுகிறது, தோள் காதை நோக்கி ஏறுகிறது. வேகமும் அந்த ஓட்டத்தில்தான் குறைகிறது. இதற்கு என்ன செய்வது? வேகம் கூடியதால் இருநூறு மீட்டருக்குத் தனியாக ஏதாவது சேர்க்க வேண்டுமா?

மலைப்பாதை ஓட்டக்காரர்:

ஐயா, மனமார மகிழ்கிறேன். என் அண்ணன் மகனையும் கிலோமீட்டர் ஏற்றத்திலிருந்து 30 மீட்டர் ஏற்றத்துக்கு மாற்றியிருக்கிறேன். சமதள வேக ஓட்டத்தை அடுத்த மாதம்தான் தொடங்கப் போகிறோம். நார்டிக் பயிற்சி முதலில் பழக்கத்துக்கு வரட்டும். மலை முதலில், சமதளம் பிறகு என்ற வரிசையில் எனக்கு இப்போது மறுப்பில்லை.

அஸ்தம்பட்டி பயிற்சியாளர்:

ஐயா, முகம் இறுகுவது முயற்சி மிகுந்துவிட்டதன் அடையாளம். உச்ச வேகத்தில், சுருங்க வேண்டிய தசை சுருங்கும் அதே கணத்தில் எதிர்த் தசை தளர வேண்டும்; பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஓட்டத்தை முழு முயற்சியில் ஓடாமல், அதற்கு ஒரு படி குறைத்து, உதடும் தாடையும் தளர்ந்து குலுங்கும்படி ஓடச் சொல்லிப் படம் எடுங்கள். பல பிள்ளைகளுக்கு அந்த ஓட்டத்தில்தான் அன்றைய சிறந்த நேரம் பதிவாகிறது. அந்த எண்ணை அவளிடமே காட்டுங்கள், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அப்படியும் நான்காவதில் வேகம் குறைந்தால், இப்போதைக்கு அவளுடைய அளவு மூன்றுதான். மூன்றோடு நிறுத்துங்கள்.

இருநூறு மீட்டருக்கு அவசரப்பட வேண்டாம். இந்திய ஓட்டக்காரர் அனிமேஷ் குஜூர் 2025 இல் நூறு மீட்டரை 10.18 வினாடியிலும் இருநூறு மீட்டரை 20.32 வினாடியிலும் ஓடி, இரண்டிலும் தேசியச் சாதனை படைத்தார். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே. உச்சம் வினாடிக்கு எட்டு மீட்டரிலிருந்து எட்டரையை நெருங்கும்போது, இருநூறு மீட்டரைப் பழைய நேரத்தில் ஓடுவது அவளுக்கு முன்பைவிட இலகுவாக இருக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை, வளைவில் தொடங்கி 120 மீட்டர், எட்டு நிமிட ஓய்வோடு இரண்டு தடவை. அவ்வளவு சேர்த்தால் போதும். ஓட்டத்துக்கான முன்தூரத்தை 25 மீட்டரிலிருந்து 30 ஆக்கிவிடுங்கள், ஏனென்றால் அவளுக்கு இப்போது வேகம் கூட்டிக்கொள்ள அந்த ஐந்து மீட்டர் தேவைப்படுகிறது. அடுத்த போட்டிக்கு முந்திய பத்து நாளில் ஓட்டங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். கடைசி வேக ஓட்டம் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் முடிந்திருக்க வேண்டும். அன்று இரண்டே இரண்டு ஓட்டம். இரண்டாவதன் ஃபிரேம் எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள்.